இருபது பாட்டில் நல்ல தண்ணீர்

ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நான் லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். இருபத்திரண்டு வருடம் அதே வேலைதான். பியூரெட் கழுவுவேன், அமிலம் கலந்து வைப்பேன், பிள்ளைகள் உடைத்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுவேன். பரீட்சை நாளில் வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினருக்கு டீ வாங்கி வருவதும் நான்தான். படிப்பு ப்ளஸ் டூ. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. கேட்டவர்கள்தான், ஏன் கேட்டோம் என்பதுபோல வேறு பக்கம் பார்ப்பார்கள்.

மதியம் பேராசிரியர்கள் ஸ்டாஃப் ரூமில் சாப்பிடுவார்கள். ஆபீஸ்காரர்கள் ஆபீஸிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். துப்புரவு வேலை செய்கிறவர்கள் மாடிப்படிக்குக் கீழே வட்டமாக உட்காருவார்கள். அங்கேதான் சிரிப்புச் சத்தம் அதிகம். ஒருநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு நானும் போனேன். எல்லோரும் எழுந்து, "வாங்க மேடம், சேர் போடட்டா?" என்றார்கள். அதற்குப் பிறகு போகவில்லை. ஆய்வகத்தில் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுச் சாப்பிடுவேன். ஜன்னல் வழியாகத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அவை அசைவதைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதத்தை முடித்துவிடுவேன். பத்து நிமிடம் கூட ஆகாது.

வீடு காலடிப்பேட்டையில். அம்மா இருந்தவரை வீடு என்று சொல்லலாம். அம்மா போன பிறகு ஒரு அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். தம்பி வெளியூரில் இருக்கிறான், பொங்கலுக்கு போன் செய்வான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும், அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

எனக்கு என்று இருந்தது ஒருத்திதான். திருவொற்றியூரில் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பத்தாவதோடு நிறுத்தி, எண்ணூரில் ஒரு டிரெய்லர் லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அவர் திரும்ப நாலைந்து நாள் ஆகும். அவள் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போவேன். சட்னி அரைத்துக் கொடுப்பேன், தட்டு கழுவுவேன், கடை முடிந்ததும் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். சாயங்காலம் திரும்பி வருவேன். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான் ஓடும்.

அவள் தெருவில் மூன்று தண்ணீர் உண்டு. தெருமுனையில் அடி பம்பு. அடிக்கும்போது தெளிவாகத்தான் வரும். குடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் டிகாஷன் மாதிரி பழுப்பாகிவிடும். வாயில் வைத்தால் உப்பு. துணி துவைக்க, பாத்திரம் கழுவ அது. இரண்டாவது லாரித் தண்ணீர். செவ்வாயும் வெள்ளியும் வரும். நீல டிரம்மில் பிடித்து வைத்து அதில்தான் சோறு வடிப்பது, குடிப்பது எல்லாம். மூன்றாவது, காசு கொடுத்து வாங்குகிற கேன் தண்ணீர். கைக்குழந்தைக்கு, காய்ச்சல்காரருக்கு, வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு.

அவள் கல்யாணமாகிப் போன புதிதில் நான் முதல் தடவை போனபோது எனக்குக் கேன் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாம் தடவை தண்ணீர் கேட்டதும், "தோ, டிரம்மு கீது, சொம்பு கீது. மொண்டு குடி. நீ இன்னா கலெக்டரா?" என்றாள். அதிலிருந்து நானே மொண்டுதான் குடிப்பேன்.

இது இப்படி இருக்கும்போது, மூன்று வருடத்துக்கு முன்னால், எங்கள் கல்லூரியில் புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். படிப்போடு சமூகப் பணியையும் சேர்க்க வேண்டும், செய்தால்தான் கிரெடிட், கிரெடிட் இருந்தால்தான் டிகிரி. எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் அதைக் கொடுத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. எதையும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்கிற ஆள். "ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து பிஎச்டி வரைக்கும் ஒரே தெருவை எடுத்துப் படிக்கணும்" என்று திட்டம் போட்டார். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் தெருத் தண்ணீரைப் பற்றிப் படம் வரைவார்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். எங்கள் பி.எஸ்ஸி. மாணவர்கள் நிலத்தடி நீரைச் சோதிப்பார்கள். ஆராய்ச்சி மாணவர் அதையெல்லாம் சேர்த்து அறிக்கை எழுதுவார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் அது தப்பான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர்கள் தேர்ந்தெடுத்தது என் தோழியின் தெரு. காரணம், திட்டத்தில் சேர்ந்த பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தது, கல்லூரி பஸ் திரும்ப இடம் இருந்தது.

மீட்டிங்கில் நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். பேராசிரியர் போர்டில் எழுதினார்: இருபது மாணவர்கள், இருபது வீடுகள். ஆளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டாரிடம் பேசி, தண்ணீர் வாங்கி, படிவத்தில் வீட்டாரின் கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்து இருந்தால்தான் சமூகத்தைச் சந்தித்ததாகக் கணக்கு. படிவத்தில் 'நீர் எடுத்த இடம்: அடி பம்பு' என்று முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். நிலத்தடி நீர் பற்றிய ஆய்வு, அதனால்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். "சார், அந்தத் தெரு எனக்குத் தெரியும். வீட்டுல போய்க் கேக்காதீங்க. பம்பு தெருமுனையில இருக்கு. அங்கயே போய்ப் பிடிச்சுடலாம்."

"அம்மா, பம்பு கையெழுத்துப் போடுமா?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான். அவர் விடவில்லை. "மெத்தடாலஜி எல்லாம் நாங்க பார்த்துக்கறோம். நீங்க பாட்டிலைக் கழுவி ரெடியா வைங்க, போதும்."

பாட்டிலைக் கழுவினேன். இருபது பாட்டில். ஒவ்வொன்றையும் மூன்று தடவை, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில். லேபிள் ஒட்டினேன். கழுவும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு காதில் இருந்தது. நான் ரோஷக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படி. என்னை ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு வருடம் வைத்திருப்பேன். இனிமேல் இவர்கள் விஷயத்தில் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கல்லூரி பஸ்ஸில் போனோம். தெருமுனையில் பேனர் பிடித்து போட்டோ எடுத்தார்கள். பேனருக்குப் பின்னால் அந்த அடி பம்பு இருந்தது. போட்டோவில் அதன் கைப்பிடி மட்டும் தெரியும். என்னைப் பஸ்ஸிலேயே உட்காரச் சொன்னார்கள், மாதிரிகளை வைக்கிற ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொள்ள. "பெட்டியை விட்டு நகராதீங்கம்மா" என்றார் பேராசிரியர். நகரவில்லை. ஜன்னல் வழியாகத் தோழி தெரிந்தாள். ஈரக் கையை ஆட்டி, "இறங்கி வாடி!" என்று சைகை செய்தாள். நான் பெட்டியைக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒவ்வொரு பிள்ளையாகப் பாட்டிலோடு வந்தார்கள். எல்லோர் முகத்திலும் சந்தோஷம். வாயில் முறுக்கோ பிஸ்கட்டோ இருந்தது. ஒரு பெண், தோழி வீட்டுக்குப் போனவள், "அக்கா, அந்த ஆன்ட்டி செம ஸ்வீட். எனக்கு இட்லியே குடுத்தாங்க" என்றாள். பாட்டில்களை வாங்கிப் பெட்டியில் அடுக்கினேன். இருபதும் பளபள என்று இருந்தன.

மறுநாள் ப்ராக்டிகல் வகுப்பில் சோதனை. தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்க்க, சில்வர் நைட்ரேட் கரைசலைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். குரோமேட் சேர்த்ததால் மஞ்சளாக இருக்கும் தண்ணீர் செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் நிறுத்த வேண்டும். உப்பு அதிகம் இருந்தால் பியூரெட் பாதி காலியாகும், சில நேரம் முழுதும் காலியாகும். முதல் பாட்டிலில் நாலே சொட்டு. நிறம் திரும்பிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

இரவு முழுக்க நின்ற தண்ணீரில் ஒரு பொட்டுப் பழுப்புக்கூட இல்லை. நாலு சொட்டில் முடிகிறது. முதல் பாட்டிலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பம்புத் தண்ணீர் இல்லை, கேன் தண்ணீர் என்று. இருபது வருடம் சொட்டுகளைப் பார்த்தவளுக்கு இதற்கு டிகிரி வேண்டாம்.

தோழி வீட்டில் இட்லி சாப்பிட்ட அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, எல்லாம் ஒரே மாதிரி வருது. கரெக்ட்டா?"

அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல பிள்ளை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "உங்க சாரைக் கேளு" என்றேன்.

அவள் கேட்டாள். அவர் கன்சிஸ்டென்ட்டாக இருக்கிறது, நல்ல டேட்டா என்றார். நான் பியூரெட்டுகளை வாங்கிக் கழுவினேன். கழுவும்போது உள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெத்தடாலஜி தெரிந்தவர்கள்தானே, அசிங்கப்படட்டும் என்று நினைத்தேன். யாராவது மேலே கண்டுபிடிப்பார்கள், இவர்கள் மூஞ்சியில் கரி பூசுவார்கள் என்று. அந்தத் தெரு எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. அவள்கூட நினைவுக்கு வரவில்லை.

பிறகு கல்லூரியில் விழா. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களைச் சுவரில் குத்துகிற வேலை எனக்கு. எல்லாப் படத்திலும் தண்ணீர் நீலம். ஒரே ஒரு படத்தில் மட்டும் அடி பம்பிலிருந்து விழுகிற நீலத்துக்கு அடியில் பழுப்பு கிரேயான் தெரிந்தது. அழுத்தி அழுத்திப் பூசிய பழுப்பு, அதன்மேல் நீலம். கூட நின்ற பள்ளிக்கூட டீச்சர் சிரித்தார். "மூணாங்கிளாஸ் பொண்ணு. தண்ணிக்குப் போய் பிரவுன் அடிச்சிருந்தா. நான்தான் ப்ளூ அடிக்க வெச்சேன்."

ஒன்றாம் வகுப்பிலிருந்து பிஎச்டி வரை அத்தனை பேர் படித்த அந்தத் தெருவில் சரியாக எழுதியது அந்தக் குழந்தை ஒன்றுதான். அதன் படத்தையும் நான்தான் நாலு மூலையிலும் பின் குத்தி மாட்டினேன்.

அறிக்கையை மேடையில் வைத்து வார்டு அதிகாரியிடம் கொடுத்தார்கள். சமூகத்துக்கு எங்கள் கல்லூரியின் சேவை என்றார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளைகளுக்குக் கிரெடிட் ஏறியது.

இரண்டு மாதம் இருக்கும். பரீட்சை வேலையில் நாலு வாரம் தவறிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். இட்லிக் கடை போடவில்லை. வாசலில் அடுப்பு கவிழ்த்து வைத்திருந்தது. தெருமுனையில் பம்பைச் சுற்றி குடங்கள், பெண்கள், சண்டை. தோழி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் சிரிக்கவில்லை. குடத்தை இன்னொருத்தியிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

"லாரி நின்னுபோச்சி" என்றாள். "மூணு வாரமா வர்ல. ஆபீஸாண்ட போய்க் கேட்டா, உங்க தெரு பம்புத் தண்ணியே நல்ல தண்ணியாம், காலேஜ்ல டெஸ்ட்டு பண்ணி ரிப்போர்ட்டு குட்த்துட்டாங்களாம், லாரிய வேற தெருவுக்கு வுட்டுட்டாங்களாம். எந்தக் காலேஜுன்னேன். உன் காலேஜு."

நான் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கினேன்.

"அந்தத் தண்ணில இட்லி ஊத்திப் பாத்தேன். மஞ்சளா வருது, வாயில வெக்க முடியல. கஸ்டமரு துப்பிட்டு போறான். எல்லாத்துக்கும் கேன் வாங்கினா கட்டுப்படியாவுமா? கடைய மூடிட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "உங்க லேபு இன்னா லேபுடி? அந்தக் கலீஜ் தண்ணியப் போய் நல்ல தண்ணின்னு எவன் எழுதினான்?"

"அன்னிக்கு அந்தப் பொண்ணு கிட்ட நீ எந்தத் தண்ணிய குட்த்த?" என்று கேட்டேன்.

"கேன் தண்ணிதான்."

"ஏன்?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "பின்ன? படிக்கிற புள்ள, வெயில்ல வந்து வாசல்ல நின்னு, ஆன்ட்டி கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு கேக்குது. அதுக்குப் போய் பம்புத் தண்ணியவா ஊத்துவாங்க? மானம் போவாது? நான் மட்டுமா, தெருவுல அல்லாரும் கேன் தண்ணிதான் குட்த்தாங்க. கேன் இல்லாதவ பக்கத்து வூட்ல கடன் வாங்கிக் குட்த்தா. டெஸ்ட்டுன்னா இன்னான்னு எங்களுக்கு யாரு சொன்னா? ஏதோ பரீட்சை, நல்ல தண்ணி குட்த்தா புள்ளைங்களுக்கு நல்ல மார்க்கு வரும்னு நெனச்சிகினோம்."

அப்போதே நான் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"இன்னா தெரியும்?"

"அது பம்புத் தண்ணி இல்லன்னு. டெஸ்ட்டு பண்ணும்போதே தெரியும்."

அவள் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"ஏன்டி சொல்லல?"

மீட்டிங்கில் நடந்ததைச் சொன்னேன். பம்பு கையெழுத்துப் போடுமா என்று கேட்டதை, எல்லோரும் சிரித்ததை. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கே உறைத்தது. அவள் முழுதும் கேட்டாள்.

"அவன் உன்னை மதிக்கல. செரி" என்றாள். "நாங்க இன்னாடி பண்ணோம்?"

வரிசையில் அவள் முறை வந்துவிட்டது. கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

நான் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து பம்பிடம் போனேன். வரிசைக்கு வரவில்லை, இந்த ஒரு பாட்டில் மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். என்னை அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னாக்கா, இன்னொரு சர்ட்டிபிகேட்டு குடுக்கப் போறியா?" என்றாள் ஒருத்தி.

"நைனா, அக்காவுக்கு வழி வுடு. இந்தத் தண்ணிய டப்பால போட்டு விக்கப் போவுது காலேஜு" என்றான் சைக்கிளோடு நின்ற ஒருவன். சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை.

பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாலையில் கண்டெய்னர் லாரிகள் அடைத்து நின்றன. பஸ் நகர்ந்து, நின்று, நகர்ந்து வந்தது. எண்ணூரில் தெளிவாக இருந்த தண்ணீர் திருவொற்றியூர் வருவதற்குள் பழுப்பாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "கஷாயமாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே போய் நானே சோதித்தேன். ஒரு பியூரெட் முழுக்க இறங்கியது. நிறம் திரும்பவில்லை. மறுபடி நிரப்பினேன். இரண்டாவது பியூரெட்டும் பாதி இறங்கிய பிறகுதான் செங்கல் நிறம் வந்தது. கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு பேராசிரியரிடம் போனேன்.

அவர் தாளை இரண்டு தடவை பார்த்தார். முகம் மாறியது. "ரிப்போர்ட் மேல போயாச்சும்மா" என்றார். "இப்ப போய் தப்புன்னு சொன்னா அந்த இருபது பசங்க கிரெடிட் என்ன ஆகும்? அதுல பாதிப் பேர் ஃபைனல் இயர். டிகிரி நிக்கும். அடுத்த வருஷம் ஃபாலோ-அப் ஸ்டடின்னு போட்டு சரி பண்ணிடலாம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் அவங்க எதைக் குடிப்பாங்க?"

அவர் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார். அவரும் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"பசங்க மேல தப்பு இல்ல சார்" என்றேன். "ஒரு பொண்ணு கேட்டா. எனக்குத் தெரியும், நான் சொல்லல."

"தெரியுமா?" நாற்காலியில் நிமிர்ந்தார். "எழுதிக் குடுப்பீங்களா?"

அவர் கேட்ட வேகத்தைப் பார்த்ததும் புரிந்தது, நான் எழுதிக் கொடுத்தால் எல்லோரும் தப்பிப்பார்கள் என்று. எழுதினேன். 'மாதிரிகள் கேன் தண்ணீர் என்பது சோதனையின்போதே எனக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.' அவ்வளவுதான் என் கடிதம். அவர் அதை வைத்து வார்டு ஆபீஸுக்கு ஒரு கடிதம் தயாரித்தார். அதில், ஆய்வக உதவியாளரின் கவனக்குறைவால் மாதிரிகள் மாறிவிட்டன, எனவே முந்தைய முடிவைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று இருந்தது.

"நான் மாத்தல சார்."

"தெரியும்மா. ஆனா இப்படி எழுதினாத்தான் மத்தவங்களுக்குப் பாதிப்பு வராது. லாரி வரணுமா வேண்டாமா?"

கவனக்குறைவு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிப்பெட்டை நான் மாற்றி வைத்ததில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நான் நிஜமாகச் செய்தது அந்த வார்த்தையைவிட மோசம். கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கடிதத்தை நானே வார்டு ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். தபாலில் அனுப்பினால் எந்த மேசையில் கிடக்குமோ. முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் மீட்டிங். மூன்றாம் நாள் கடிதத்தைப் படித்துவிட்டு, "பாட்டிலை மாத்தினது யாரு?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "படிச்ச எடத்துல இருந்துகிட்டு இப்படிப் பண்ணா எப்படிம்மா?" என்றார். முத்திரை குத்திக் கொடுத்தார்.

லாரி திரும்ப வந்தது. செவ்வாய் மட்டும். வெள்ளிக்கிழமையை ஏற்கெனவே வேறு தெருவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தெருவிலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து பிடுங்கு என்று நான் எந்த வாயால் கேட்பது?

கல்லூரியில் எனக்கு மெமோ கொடுத்தார்கள். ஆய்வகத்திலிருந்து எடுத்து, தரைத்தளத்தில் பழைய விடைத்தாள் அடுக்கி வைக்கிற அறையில் போட்டார்கள். ஜன்னல் உண்டு, சுவரைப் பார்த்த ஜன்னல். கிரேன்கள் தெரியாது. அங்கே யாரும் வருவதில்லை. ஒருநாள் அந்தப் பெண் வந்தாள், கேள்வி கேட்டவள். டி.சி. வாங்க வந்தவள், எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட கேட்டேன்ல?"

"கேட்ட."

"சொல்லியிருக்கலாம்லக்கா. நாங்க திரும்பப் போய் எடுத்துட்டு வந்திருப்போமே."

குறை சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். போய் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள்தான். இருபது பேரும் அந்தப் பம்பைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்திருப்பார்கள். அவள் போன பிறகு அந்த அறையில் வெகுநேரம் ஒரு விடைத்தாள் கட்டைக்கூட நான் நகர்த்தி வைக்கவில்லை.

அந்தத் திட்டம் இப்போதும் நடக்கிறது. இந்த வருடம் வேறு தெரு, வேறு பேனர். பாட்டில் கழுவ வேறு ஆள். புதுப் படிவத்தில், நீர் எடுத்த இடம் என்பதற்கு எதிரே காலியாக விட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மாணவர்களே நேரில் பார்த்து நிரப்ப வேண்டுமாம்.

எண்ணூருக்கு நான் உடனே போகவில்லை. போன் செய்தால் எடுப்பாள், "கடைல வேலை கீது, அப்பால பேசறேன்" என்பாள். அப்பால பேச மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்தேன். டிவியைப் போட்டுவிட்டு சமையலறையில் இருந்தேன், யாரோ பேசுகிற சத்தத்துக்காக. பால்காரரோடு சண்டை போட்டேன். மாடி வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். சண்டை போட்டால் ஐந்து நிமிடம் ஒரு மனிதரோடு பேசினது போல இருக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

கடை போட்டிருந்தாள். தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை மாற்றிய அட்டெண்டர் நான்தான் என்று ஆபீஸிலிருந்து அவர்களுக்குச் சேதி வந்திருக்க வேண்டும். பெண்கள் என்னைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள், நான் தாண்டியதும் மறுபடி பேசினார்கள். அவளுக்கு மட்டும் நிஜம் தெரியும். அவளும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது. என்னைக் காப்பாற்றவா, சொல்ல அசிங்கமாக இருந்ததா, நான் கேட்கவில்லை.

"வா. உக்காரு" என்றாள்.

பெஞ்சில் கஸ்டமர்களோடு உட்கார்ந்தேன். தட்டில் நாலு இட்லி வைத்தாள். சட்னி ஊற்றினாள். இட்லி வெள்ளையாக இருந்தது. சட்னி அரைக்க வேறு ஒரு பெண் வந்திருந்தாள். தட்டு கழுவ எழுந்தேன். "உடு, அவ பாத்துப்பா" என்றாள். உட்கார்ந்துகொண்டேன்.

கூட்டம் குறைந்தது. அவள் புருஷன் எங்கே என்று கேட்டேன். மீஞ்சூர்ப் பக்கம் லோடு போயிருக்கிறார் என்றாள். எனக்கு வேலை எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். மெமோவைப் பற்றியோ விடைத்தாள் அறையைப் பற்றியோ சொல்லவில்லை. சொன்னால் அதற்காகத்தான் வந்தேன் என்று ஆகிவிடும்.

விக்கல் எடுத்தது. பழக்கத்தில் எழுந்து உள்ளே டிரம் பக்கம் போனேன். சொம்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

"இரு, இரு" என்று பின்னாலேயே வந்தாள். சொம்பை என் கையிலிருந்து வாங்கி டிரம்மின் மூடிமேல் வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள், கழுவினாள், மூலையிலிருந்த கேனைச் சாய்த்து நிரப்பினாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"டிரம்முல இல்லியா?" என்று கேட்டேன்.

"கீது. வாரத்துக்கு ஒரு வாட்டிதானே வருது, பழசாயிருக்கும். நீ இத்தக் குடி. நல்ல தண்ணி."

குடித்தேன். அந்த இருபது பாட்டிலிலும் இருந்த அதே தண்ணீர். உப்பு இல்லை, வாசனை இல்லை, ஒன்றுமே இல்லை. அவள் பக்கத்திலேயே நின்று, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றாள்.

அந்த வீட்டில் அவள் என்னிடம் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. போதும் என்றேன்.